கவுன்சலிங் அறையில் நான் பட்ட பாடு: மனிதநேய முறையைத் தேடிப் போகிறவர்களுக்கு

அப்பா இறந்த பிறகு எனக்கு அழுகை வரவில்லை. எல்லாரும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள், நானும் திரும்பினேன். சில மாதங்கள் போனதும் காலையில் எழுந்திருப்பதே பெரும்பாடாகிவிட்டது. தூக்கம் பாதியில் கலையும், யார் பேசினாலும் எரிச்சல் வரும். ஒரு கட்டத்தில் வேலையையும் விட்டுவிட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லாமல், சேமிப்பில் இருந்த பணத்தை எடுத்துக் கவுன்சலிங் போக ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கும் மேல் நடந்ததைத்தான் எழுதுகிறேன். சேமிப்பில் பாதிக்கு மேல் கரைந்தது. இரண்டு பேரிடம் போய்த் திரும்பி, மூன்றாமவரிடம்தான் ஏதோ அசைந்தது. மூவருமே தாங்கள் மனிதநேய உளவியல் முறையில் வேலை செய்வதாகத்தான் சொன்னார்கள். இருவரிடம் அந்தப் பெயர் மட்டும்தான் இருந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அடுத்தவருக்காவது அது தெரிந்திருக்கட்டும்.

ஏன் இந்த முறையைத் தேடினேன் என்றால், பயம்தான் காரணம். நாலு கேள்வி கேட்டுவிட்டு ஒரு நோயின் பெயரை நெற்றியில் ஒட்டி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். தூக்கம் வராத இரவுகளில் படித்துக்கொண்டிருந்தபோது கார்ல் ரோஜர்ஸ் கண்ணில் பட்டார். அமெரிக்க உளவியலாளர், 1902-ல் பிறந்து 1987-ல் இறந்தவர். அவர் காலத்தில் உளவியலில் இரண்டு பெரிய கட்சிகள் இருந்தன. மனிதனை அவனே அறியாத ஆழ்மன விசைகள் இழுத்துப்போகின்றன என்றது ஃபிராய்டின் வழிவந்த கூட்டம். வெளித்தூண்டல், பரிசு, தண்டனை இவைதான் மனிதனை வடிவமைக்கின்றன என்றார்கள் நடத்தைவாதிகள். ரோஜர்ஸ், ஆபிரகாம் மாஸ்லோ, ரோலோ மே போன்றவர்கள் இரண்டிலும் சேராமல் நின்றதால் மூன்றாம் சக்தி என்று பெயர் வந்தது. மனிதநேய உளவியல் என்பது இதுதான். 1961-ல் இவர்களுக்கென்று ஓர் ஆய்விதழ் தொடங்கியது, 1964-ல் கனெக்டிகட்டில் உள்ள ஓல்டு சேப்ரூக்கில் ஒன்றுகூடிப் பேசினார்கள். தன் அனுபவம் என்ன என்று சொல்லும் அதிகாரம் அந்த மனிதனுக்கே உண்டு, அவன் தேர்ந்தெடுக்கக் கூடியவன், தகுந்த சூழல் அமைந்தால் தன் போக்கிலேயே வளர்வான். சுருக்கமாக இவ்வளவுதான் அவர்கள் சொன்னது. எனக்கு அப்போது இதைக் கேட்பதே பெரிய ஆறுதலாக இருந்தது.

முதலாமவரின் அறைச் சுவரில், பசி, பாதுகாப்பு என்று தொடங்கி மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிய மாஸ்லோவின் தேவைகள் பிரமிடு வண்ணத்தில் தொங்கியது. (மாஸ்லோ 1943-ல் அந்தக் கருத்தை எழுதியபோது பிரமிடு எதையும் வரையவில்லை. அது பின்னால் வந்தவர்களின் கைவண்ணம். இது தெரியாததால் யாரும் கெட்டுப்போகப் போவதில்லை, ஆனால் எனக்கு இப்போதும் அந்தப் படத்தைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.) முதல் நாளே ஒரு உருளைக்கிழங்குக் கதை சொன்னார். நிலவறையில் போட்டுவைத்த கிழங்குகள்கூடத் தொலைவில் இருக்கும் சிறு ஜன்னல் வெளிச்சத்தை நோக்கி வெளிறிய முளைகளை நீட்டும், உயிர் எந்த நிலையிலும் வளரத்தான் முயலும் என்றார். ரோஜர்ஸே தன் சிறுவயது ஞாபகமாக எழுதிய விஷயம்தான் அது. கேட்டு நெகிழ்ந்துபோய், அவர் சொன்னபடி பல அமர்வுகளுக்கான கட்டணத்தை மொத்தமாகக் கட்டினேன். மொத்தமாகக் கட்டினால் சலுகை உண்டு, திரும்பக் கேட்டால் கிடையாது. பணம் திரும்பக் கிடைக்காது என்பது மட்டும் ரசீதின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. அழுதுகொண்டோ அழ முடியாமலோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் ரசீதின் பின்பக்கத்தைப் படிப்பார் என்று எதிர்பார்ப்பதே அநியாயம். ஆனாலும் சொல்கிறேன்: ஓரிரு அமர்வுகளுக்குத் தனித்தனியாகப் பணம் கொடுத்துப் பாருங்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாத இடத்தை விட்டுவிடுங்கள். இடையில் நிறுத்தினால் மீதிப்பணம் என்னாகும், கடைசி நேரத்தில் ரத்து செய்தால் கட்டணம் உண்டா என்பதை முதல் பணம் கைமாறும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அமர்வுகள் இப்படிப் போயின. "ரொம்பக் களைப்பா இருக்கு" என்பேன். "களைப்பா உணர்றீங்க" என்பார். "எதுலயும் மனசு ஒட்டலை" என்பேன். "மனசு ஒட்டாத மாதிரி இருக்கு உங்களுக்கு" என்பார். தலை மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். முதலில் இதுவும் இதமாகத்தான் இருந்தது. சில வாரங்களில் நான் சொல்வது எங்கும் போய்ச் சேரவில்லை என்று தோன்ற ஆரம்பித்தது. வீட்டுக்கு வரும் வழியில் என்ன பேசினோம் என்று யோசித்தால், நான் பேசியது மட்டும்தான் ஞாபகம் வரும்.

இதைப் பற்றி ரோஜர்ஸுக்கே கசப்பு இருந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. தன் முறையைச் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் உத்தியாகச் சுருக்கிப் பரப்பியதைக் கண்டு அவர் நொந்துபோய், வெகுகாலம் அதைப் பற்றிப் பேசுவதையே குறைத்துக்கொண்டார். 1966-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் வெய்சன்பாம் எழுதிய எலைசா என்ற கணினி நிரல், நாம் தட்டச்சு செய்த வாக்கியத்தைப் புரட்டிப்போட்டுக் கேள்வியாகத் திருப்பித் தரும். அது ரோஜர்ஸ் வழி ஆலோசகரின் பாவனையில் எழுதப்பட்டது. ஒரு நிரலே செய்துவிடக்கூடிய வேலைக்குத்தான் நான் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். ரோஜர்ஸ் தன் கடைசிக் காலத்தில், தான் செய்தது பிரதிபலிப்பே அல்ல, நான் உங்களைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்த்துக்கொண்டதுதான் என்று எழுதினார். இதிலிருந்து ஒரு அளவுகோல் கிடைக்கிறது. ஆலோசகர் சொல்வது உங்கள் வாக்கியத்தைவிட ஒரு அடியாவது உள்ளே போகிறதா? "இல்லை, அப்படி இல்லை" என்று நீங்கள் திருத்தினால் அவர் முகம் மலர்கிறதா, சுருங்குகிறதா? நன்றாகக் கேட்கிற ஒருவருக்கு உங்கள் திருத்தம் பிடிக்கும்.

முதலாமவரை விட்டு வந்தது கிளிப்பிள்ளைப் பேச்சால் மட்டும் இல்லை. ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, அப்பா போனதில் எனக்குள் எங்கோ ஒரு நிம்மதியும் இருப்பதுபோல் தெரிகிறது என்றேன். அவர் உடனே, "அப்படியெல்லாம் நினைக்காதீங்க, நீங்க எவ்வளவு நல்ல பிள்ளை, எவ்வளவு செஞ்சிருக்கீங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கோ காது வரை சூடேறியது. அதற்குப் பிறகு அப்பா பேச்சையே அங்கே எடுக்கவில்லை, வானிலை பற்றிப் பேசுவதுபோல் என் வாரத்தைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். நல்ல பிள்ளையாக இருந்தால்தான் இந்த அறையிலும் இடம் என்று புரிந்துவிட்டது. இதற்கு ரோஜர்ஸ் வைத்த பெயர் மதிப்புக்கான நிபந்தனைகள். சின்ன வயதிலேயே, இப்படி இருந்தால் அன்பு கிடைக்கும், அப்படி இருந்தால் கிடைக்காது என்று கற்றுக்கொள்கிறோம். அந்த நிபந்தனைக்குள் அடங்காத உணர்ச்சி வந்தால் அது வந்ததையே நமக்கு நாமே மறைக்கப் பழகுகிறோம். உள்ளே நடப்பதற்கும் நம்மைப் பற்றி நாம் வைத்திருக்கும் படத்துக்கும் இடைவெளி விழுகிறது. பதற்றமும் வெறுமையும் அந்த இடைவெளியில்தான் முளைக்கின்றன என்பது அவர் விளக்கம். அதைக் குறைக்க அவர் நம்பியது நிபந்தனையற்ற ஏற்பு. பாராட்டு அதற்கு நேர் எதிர். "அருமை, நல்லவர் நீங்கள்" என்பதும் ஒரு தீர்ப்புதான், இன்று நல்லவராகத் தீர்ப்புப் பெற்றவர் நாளை கெட்டவராகாமல் இருக்க வேண்டும் என்ற கவலையோடுதான் பேசுவார். நீங்கள் சொல்லக் கூசும் ஒன்றைச் சொன்ன அடுத்த நிமிடம் அந்த அறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆலோசகரின் தரம் அங்கே தெரிந்துவிடும்.

இரண்டாமவர் இதற்கு நேர்மாறு. வேகம். முதல் சந்திப்பிலேயே எதிரில் ஒரு காலி நாற்காலியைப் போட்டு, "அதில் அப்பா உட்கார்ந்திருக்கிறார், பேசுங்கள்" என்றார். காலி நாற்காலி நல்ல பெயரெடுத்த முறைதான். மனநல மருத்துவர் மொரேனோ, பிரச்சினையை நடித்துப் பார்க்க வைத்த நாடகச் சிகிச்சையில் தொடங்கி, ஃபிரிட்ஸ் பெர்ல்ஸால், இந்த நிமிடம் உணர்வதைக் கவனிக்கச் சொல்லும் கெஸ்டால்ட் சிகிச்சையின் அடையாளமாகி, பேசி முடிக்காமல் போன உறவுகளுக்கு இன்றும் பயன்படுகிறது. ஆனால் அவர் யாரென்றே எனக்குத் தெரியாது, என்னைப் பற்றி அவருக்கும் தெரியாது. நான் தயங்கியபோது "எதிர்ப்பு வருகிறது, விடாதீர்கள்" என்று குரலை உயர்த்தினார். கத்தினேன். என்ன கத்தினேன் என்றே தெளிவில்லை. நேரம் முடிந்தது என்று எழுந்துவிட்டார். அன்றைக்கு வீடு வந்து சேர்ந்ததே பெரிது. அடுத்த பல நாட்கள் நெஞ்சு படபடப்பு, குளியலறையில்கூடத் தனியாக நிற்கப் பயம். பணத்தைவிட இதுதான் பெரிய நஷ்டம், ஏனென்றால் இதற்குப் பிறகு மாதக்கணக்கில் யாரிடமும் போக மனம் வரவில்லை. உணர்ச்சியைக் கிளப்பும் எந்தப் பயிற்சிக்கும் முன்னால் மூன்று விஷயங்கள் நடக்க வேண்டும்: என்ன செய்யப்போகிறோம், ஏன் என்று விளக்கம், வேண்டாம் என்றால் நிறுத்தலாம் என்ற உறுதி, முடிந்த பிறகு அமைதியடைய அந்த நேரத்துக்குள்ளேயே இடம். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் "இன்னிக்கு வேண்டாம்" என்று சொல்லுங்கள். அதை எதிர்ப்பு என்று பெயர் வைத்து மடக்குகிறவர் உங்கள் தேர்வை மதிக்கவில்லை. அந்தத் தேர்வை மதிப்பதுதான் இந்த உளவியலின் அஸ்திவாரமே.

மூன்றாமவரை நம்பிப் போகவில்லை, விசாரித்துப் போனேன். தொலைபேசியிலேயே கேட்டேன்: எங்கே, எவ்வளவு காலம் பயிற்சி எடுத்தீர்கள், உங்கள் வேலையை யாராவது மூத்தவர் மேற்பார்வை செய்கிறாரா, நான் சொல்வது யாருக்குப் போகும், எந்தச் சூழலில் ரகசியம் காக்க முடியாமல் போகும், உங்களால் முடியாது என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள். எந்தக் கேள்விக்கும் அவர் முகம் சுளித்ததாகக் குரலில் தெரியவில்லை. மேற்பார்வைக்குத் தவறாமல் போவதாகவும், என் பெயர் அங்கே வராது என்றும், உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும் ரகசியத்தை மீற வேண்டிவரும் என்றும் சொன்னார். பேச்சைப் பதிவு செய்வீர்களா என்றதற்கு, எழுத்தில் சம்மதம் வாங்காமல் செய்ய மாட்டேன் என்றார். (சிகிச்சை உரையாடலை முதன்முதலில் பதிவு செய்து ஆராய்ந்தவர்களில் ரோஜர்ஸும் ஒருவர். 1942-லேயே ஒரு கேஸின் முழு உரையாடலையும் அச்சில் வெளியிட்டார். மூடிய அறைக்குள் நடப்பதை மற்றவர்கள் சோதிக்கட்டும் என்ற அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்தது.) முதல் சந்திப்பிலேயே, இந்தக் களைப்புக்கும் தூக்கமின்மைக்கும் ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறீர்களா என்று கேட்டதும் அவர்தான். தைராய்டு குறைவோ ரத்தசோகையோ இருந்தாலும் மனச்சோர்வு மாதிரியே தெரியலாமே, மருத்துவரைப் பார்த்துவிட்டும் பேசலாம் என்றார். முன்னிருவரும் அதைக் கேட்கவே இல்லை.

அந்த நிம்மதி விஷயத்தை அவரிடம் சொல்ல எனக்கு வெகுநாள் ஆனது. சொன்னதும் சற்றுப் பேசாமல் இருந்தார். அப்புறம், "பாரம் இறங்கின மாதிரி... அப்படிச் சொல்லலாமா?" என்றார். நான் யோசித்து, "இல்லை" என்றேன். "சரி, பாரம் இல்லை. அப்போ அது எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நானும் வயிற்றுக்கு மேல் எப்போதும் இறுகிக் கிடக்கும் அந்த இடத்தையே கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு வாயில் வந்தது: "காத்துட்டு இருந்தது முடிஞ்சுபோச்சு." அப்பா என்றாவது ஒருநாள் என்னைப் பார்த்துப் பரவாயில்லை என்று சொல்வார் என்று நான் காத்திருந்திருக்கிறேன். இனி அவர் சொல்லப்போவதில்லை, நானும் காத்திருக்க வேண்டியதில்லை. துக்கமும் விடுதலையும் கோபமும் ஒரே முடிச்சாகக் கிடந்தன. வயிறு தளர்ந்ததை அந்த நேரத்திலேயே உணர்ந்தேன். யூஜீன் ஜென்ட்லின் இதைத்தான் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தார். ரோஜர்ஸுடன் வேலை செய்தவர் அவர். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டபோது, பயனடைந்தவர்கள் சரளமாகப் பேசியவர்கள் இல்லை, நடுவில் நின்று, உடம்பில் தெளிவில்லாமல் உணரும் ஒன்றுக்கு வார்த்தை தேடியவர்கள் என்று அவரும் சக ஆய்வாளர்களும் கவனித்தார்கள். ஆகவே கவுன்சலிங்கில் நீங்கள் தடுமாறினால், "எப்படிச் சொல்றதுன்னு தெரியலை" என்று நின்றால், பதறாதீர்கள். அந்த இடைவெளியை ஆலோசகர் அவசரமாக நிரப்பினால் "கொஞ்சம் இருங்க" என்று கையைக் காட்டுங்கள்.

இன்னொரு நாள் நான் வேலையை விட்ட கதையைக் கோர்வையாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் இடைமறித்தார். "கொஞ்ச நேரமா உங்க பேச்சு கேக்குது, ஆனா உங்ககூட இருக்கற மாதிரி எனக்குத் தோணலை. வேற யாருக்கோ விளக்கம் சொல்ற மாதிரி இருக்கு. இது என் பக்கத்துக் கோளாறாவும் இருக்கலாம்" என்றார். முதலில் சுருக்கென்று தைத்தது. அப்புறம் பார்த்தால், நான் உண்மையிலேயே அப்பாவுக்குத்தான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆலோசகர் உள்ளே ஒன்று வெளியே ஒன்று வைத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பது சிகிச்சையில் மாற்றம் நடக்கத் தேவையானவை என்று ரோஜர்ஸ் 1957-ல் எழுதிய கட்டுரையில் வரும் ஆறு நிபந்தனைகளில் ஒன்று. தோன்றியதையெல்லாம் கொட்டிவிடலாம் என்பது அதன் பொருள் இல்லை. இரண்டாமவர் கத்தியதும் ஒருவகையில் மனதில் பட்டதைச் சொன்னதுதான். ஆனால் அவர் என்மேல் தீர்ப்பு சொன்னார். இவர் தனக்குள் நடந்ததை, தவறாகவும் இருக்கலாம் என்ற இடைவெளியோடு சொன்னார்.

எல்லாம் இனித்தது என்று நினைத்துவிட வேண்டாம். மறுபடி வேலைக்குப் போகட்டுமா என்று பலமுறை கேட்டேன், பதிலே கிடைக்கவில்லை. "நீங்களே சொல்லிடுங்க, மேடம்" என்று கெஞ்சியிருக்கிறேன். என்னவாக முடிவெடுத்தால் மற்றவர்கள் சரி என்பார்கள் என்று வெளியே தேடுவதை விட்டு, என் அனுபவத்தையே எடைக்கல்லாக வைக்கப் பழக வேண்டும் என்பது இந்த முறையின் கணக்கு. கணக்கு சரிதான், கையில் பணம் கரையும்போது அது கோபத்தைத்தான் கிளப்பும். கோபம் என்றே சொன்னேன், அதையும் கேட்டுக்கொண்டார். இந்த முறை எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். காலி நாற்காலிக்குப் பிறகு வந்த படபடப்பு விடாமல் தொடர்ந்தபோது, திடீரென்று பயம் பிடித்து நெஞ்சு படபடக்கும் திகில் தாக்குதலுக்கு, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை பயன்படும் என்பதற்கு வலுவான ஆய்வு ஆதாரம் இருக்கிறது என்று அவரே சொல்லி, அதில் பயிற்சி பெற்ற ஒருவரிடம் அனுப்பினார். வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் ஓசிடி போன்றவற்றுக்கும் குறிப்பிட்ட பயிற்சி முறைகள் தேவை. இல்லாத குரல் கேட்பது, உண்மை நிலவரம் கைநழுவுவது, தற்கொலை எண்ணம் என்றால் முதலில் மனநல மருத்துவர் அல்லது அவசர உதவி, மற்றதெல்லாம் பிறகு. ரோஜர்ஸின் குழுவே விஸ்கான்சினில் மருத்துவமனையில் இருந்த மனச்சிதைவு நோயாளிகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தது, முடிவுகள் கலவையாகத்தான் வந்தன. வேறு இடத்துக்கு அனுப்பத் தெரிந்த ஆலோசகர் திறமை குறைந்தவர் என்று நினைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் என்னிடமே மருந்து உண்டு என்பவரிடம்தான் உஷாராக இருக்க வேண்டும்.

அந்த ஆறு நிபந்தனைகளில் பலரும் விட்டுவிடுவது கடைசியானது: ஆலோசகர் எவ்வளவு புரிந்துகொண்டாலும் ஏற்றுக்கொண்டாலும், அது வந்திருப்பவருக்குக் கொஞ்சமாவது உறைக்க வேண்டும். அளவெடுப்பவர் ஆலோசகர் இல்லை, நீங்கள். ரோஜர்ஸின் மாணவர் பேரட்-லெனார்ட் 1962-ல் வெளியிட்ட உறவு வினாப்பட்டியல் இதைத்தான் வந்தவரிடமே கேட்டு அளந்தது. உறவு எப்படி இருக்கிறது என்று வந்தவர் தரும் மதிப்பீடு, ஆலோசகர் தரும் மதிப்பீட்டைவிடப் பலனை நன்றாகக் கணிக்கிறது என்று பிற்கால ஆய்வுத் தொகுப்புகளும் சொல்கின்றன. அதனால் மூன்று நான்கு சந்திப்புகளுக்குள் வாய்விட்டே கேளுங்கள்: "எனக்கு இது உதவுகிற மாதிரி தெரியலை, பேசலாமா?" சொல்லவே நாக்கு எழாது, முதலாமவரிடம் எனக்கு எழவில்லை. மூன்றாமவரிடம் ஒருமுறை சொன்னபோது அவர் நோட்டை மூடிவைத்துவிட்டு, எது குறைகிறது என்று அந்த நேரம் முழுக்க அதைப் பற்றியே பேசினார். உங்கள் குறையையே உங்கள் நோயின் அறிகுறியாகத் திருப்பினால் அடுத்த முறை போகாதீர்கள், காரணம் சொல்ல வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை.

முடிப்பதைப் பற்றியும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. வாரம் ஒருமுறை போனது இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாகி, பிறகு மாதம் ஒருமுறையானது. எப்போது நிறுத்தலாம் என்று நான்தான் கேட்டேன், அதைச் சேர்ந்து தீர்மானித்தோம். கடைசிச் சந்திப்பில் என் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது, எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று விசாரித்தேன், எடுத்துக் காட்டினார். பெயர் இல்லாமல் ஒரு எண், கீழே சில வரிகள். வேறு வேலை ஒன்றில் சேர்ந்துவிட்டேன். சம்பளம் முன்பைவிடக் குறைவு, அந்த முடிவை யாரிடமும் கேட்காமல் எடுத்தேன். திரும்பவும் வேண்டுமென்றால் முதலிலிருந்து ஆரம்பிக்காமல் விட்ட இடத்திலிருந்து வரலாமா என்று கேட்டதற்கு வரலாம் என்றார், கட்டணம் மட்டும் அப்போதைய கணக்குப்படி என்று சேர்த்துக்கொண்டார்.